நாகக் கட்டி

எனது வகுப்பறை மேசையின்மீது கையகலமுங்கூட இல்லாத ஓர் அலுமினியத் துண்டு கிடக்கிறது. படகியந்திரத்தைப் படகின் பின்பலகையோடு பிணைத்து நின்ற தாங்கியின் ஒரு பகுதி அது. அதன் ஒரு விளிம்பு செல்லரித்த ஏடுபோல் பொரிந்து போயிருக்கிறது. விரலால் தேய்த்தால் வெண்ணிறத் தூள் உதிர்கிறது. புதிதாக வகுப்பேறி வரும் மாணவர்கள் அதைக் கையிலெடுத்து, "இது என்ன, சேர்?" என்று கேட்பார்கள். "எனது அறியாமை" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் வேடிக்கைக்காக அவ்வாறு சொல்வதில்லை.

எத்தாளையைப் பற்றி முதலிற் சொல்லிவிட வேண்டும். மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் மணற் பூமியில் எங்கள் ஊர் இருக்கிறது. மணலிலே வெங்காயமும் மிளகாயும் விளைவிப்போர் ஒரு பாதி. கடலையும் களப்பையும் நம்பி வாழ்வோர் மறு பாதி. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. கோடையிலே களப்பு நீர் கடலைவிடவும் உவர்ப்பேறிவிடும். புத்தளத்து உப்பளங்கள் அந்த உவர்ப்பிலேதான் பிழைக்கின்றன. காற்றிலும் உப்பு உண்டு. சைக்கிள் சங்கிலி, சன்னற் கம்பி, பாடசாலை மணி ஆகிய யாவும் இங்கே தமது ஆயுளில் பாதியைத்தான் வாழ்கின்றன. உலோகத்தை நம்பி வாழ்வதற்கு இது ஏற்ற இடமன்று. ஆயினும் உலோகமின்றி இன்று இங்கே எவரும் வாழ முடியாது.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். கட்டுமரம் என்னும் சொல்லே கட்டுதலைக் கூறுகிறது, ஆணியடித்தலை அன்று. இந்து சமுத்திரக் கரைகள் பலவற்றிலும் பலகைகளைத் தும்புக் கயிற்றால் தைத்து வள்ளங்கள் செய்தார்கள். கயிறு இற்றுப்போனால் மாற்றினார்கள். 1950களின் இறுதியில் அரசாங்கம் இயந்திரப் படகுகளைப் பரப்பத் தொடங்கியது. பின்னர் கண்ணாடியிழைப் படகுகளும் வெளியே தொங்கும் இயந்திரங்களும் வந்தன. கரை வெகுதூரம் பின்வாங்கியது. பிடிபடும் மீனும் பெருகியது. அவற்றோடு அலுமினியம், உருக்கு, பித்தளை, செம்பு, நாகம் என ஐந்தாறு உலோகங்கள் ஒரே படகில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனையும் நிலையும் வந்தது. இயந்திரத்தை விற்றவர்கள் அதன் விலையைச் சொன்னார்கள். கடன் தந்தவர்கள் வட்டியைச் சொன்னார்கள். உலோகங்களின் சுபாவத்தை மீனவனுக்குச் சொன்னவர் அநேகமாக எவருமில்லை.

எனது மாமா ஒரு சிறு படகின் சொந்தக்காரர். சம்மாட்டிகளின் படகில் பல ஆண்டு பங்குக்குப் போய், கடன்பட்டு அதை வாங்கினார். 2023ஆம் ஆண்டு வைகாசி மாதம், தென்மேல் காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் காலத்தில், படகைக் கரையேற்றிப் பழுது பார்த்தார். இயந்திரம் பொருந்தும் பின்பலகை நைந்திருந்தது. தாங்கியை இறுக்கினால் பலகை நசுங்கியது. இடையிலே பலமான தகடொன்று வைக்க வேண்டும். புதுத் தகடு வாங்கக் கையில் காசில்லை.

அப்போது நான் முன்வந்தேன். எங்கள் வீட்டின் மூலையில் பெரியும்மா காலத்துச் செப்புக் கிடாரம் ஒன்று ஓட்டையாகிக் கிடந்தது. அதன் அடிப்பாகம் நல்ல கனம். "செம்பைப் போடுங்கள் மாமா. செம்புக்குத் துரு ஏது? இரும்பு இற்றுப்போகும், செம்பு நூறாண்டு நிற்கும்" என்றேன். செப்பேட்டில் எழுதினால் அழியாது என்று வகுப்பிலே நான் சொல்லும் அதே குரலில் சொன்னேன். மாமா என்னைப் பெருமையோடு பார்த்தார். பல்கலைக்கழகத்திற் படித்த மருமகன் சொல்கிறான்! கிடாரத்தின் அடி வெட்டப்பட்டுத் தகடாயிற்று. அலுமினியத் தாங்கி, அதன் பின்னே அகன்ற செப்புத் தகடு, இரண்டையும் துளைத்துச் செல்லும் துருவேறாத உருக்குப் போல்ட்டுகள். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது.

அன்று அங்கே இன்னொருவனும் நின்றான். போல்ட்டுகளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பையன் எனது பழைய மாணவன். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியபோது சிறு படகுகள் பல கரையிலே முடங்கின. அவனுடைய தகப்பனாருக்குத் தொழில் இல்லாது போயிற்று. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே அவன் பாடசாலையை விட்டு நின்றான். அவனுடைய வகுப்பாசிரியன் நான். இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். மூன்றாம் தடவை போகவில்லை. பிறகு அவன் மாமாவின் படகிலே கூலிக்குச் சேர்ந்தான். அன்று செப்புத் தகட்டைக் கண்டதும் அவன் வாயெடுத்தான். என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் குனிந்துகொண்டான். அந்தக் குனிவுக்கு அப்போது நான் பொருள் தேடவில்லை.

எட்டு மாதங்கள் கழிந்தன. 2024 தை மாதத்தில் ஓர் இரவு அவர்கள் இருவரும் கடலில் இருந்தபோது தாங்கியின் ஒரு காது முறிந்தது. இயந்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எண்ணெய்க் குழாயை அறுத்துக்கொண்டு நின்றது. முன்யோசனையாகக் கட்டியிருந்த கயிறொன்றே அது கடலில் மூழ்காதபடி தடுத்தது. அக்காலத்திற் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். விடியும்வரை படகு மேற்கே ஒதுங்கிக்கொண்டே போனது. கைத்தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. கரையிலே என் மாமியும் அந்தப் பையனின் தாயும் ஒரே பாயில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். பல்கலைக்கழகத்திலே படித்த எதுவும் அந்த இரவில் எனக்குத் துணைக்கு வரவில்லை.

காலையில் அவர்களைக் கண்டு கட்டியிழுத்து வந்தவர்கள் சிலாபத்துப் பக்கத்துச் சிங்கள மீனவர்கள். கடல் அமைதியாயிருக்கும் மாதங்களில் இங்கே வந்து வாடியமைத்துத் தொழில் செய்பவர்கள். அன்றைய பிடிப்பைக் கைவிட்டுத்தான் அவர்கள் இழுத்து வந்தார்கள். எண்ணெய்ச் செலவுக்கு மாமா காசு நீட்டினார், வாங்க மறுத்துவிட்டார்கள்.

முறிந்த தாங்கியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஒட்டு வேலை செய்யும் நானாவின் பட்டறைக்குப் போனோம். பட்டறை என்றால் நான்கு கம்பமும் தகரக் கூரையுந்தான். நானா அதைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் திருப்பிப் பார்த்தார். வெண்தூளை ஊதினார். பிறகு செப்புத் தகட்டைக் கேட்டு வாங்கினார். அது புதிதுபோல் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"இதைக் கடல் தின்னவில்லை, சேர். செம்புதான் தின்றிருக்கிறது" என்றார்.

அதன்பின் அவர் சொன்னவை எனக்கு ஒரு பாடம். உப்புநீரில் நனைந்திருக்கும் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால், அங்கே ஒரு சிறு பற்றரி உண்டாகிறது. எளிதிற் கரையும் சுபாவமுள்ள உலோகம் கரைந்து மின்னைக் கொடுக்கிறது. மற்றது அதனைப் பெற்றுக்கொண்டு பாதுகாப்பாய் நிற்கிறது. செம்பு துருப்பிடிக்காதது என்று நான் சொன்னது பொய்யன்று. ஆனால் தனக்கு அருகில் நின்ற அலுமினியத்தை அரிக்கச் செய்துவிட்டு அது நின்றது. தாங்கி சிறியது, செப்புத் தகடு அகன்றது. அதனால் அழிவு இன்னும் விரைவாயிற்று. கரைவது சிறிதாகவும் கரைக்கச் செய்வது பெரிதாகவும் இருந்தால் சிறியதன்மேல் விழும் சுமை பன்மடங்காகும் என்பது இத்தொழிலின் முதல் விதி.

இதை உலகம் நீண்ட காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது என்பதைப் பின்னர் தேடி வாசித்து அறிந்தேன். 1761ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை 'அலாம்' என்னும் கப்பலின் மர அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு அறைந்தது. புழுவும் பாசியும் அண்டாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. இரண்டு ஆண்டுகளின் பின் பார்த்தபோது தகடு நன்றாயிருந்தது. இரும்பாணிகளோ கூழாகிக் கிடந்தன. ஆனால் சில ஆணிகள் பழுதின்றி இருந்தன. தகடுகள் வந்திறங்கிய பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் கிழிபடாமல் செம்புக்கும் இரும்புக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருந்தது! அந்தக் கடதாசித் துண்டுதான் ஆணியைக் காத்தது. 1824ஆம் ஆண்டளவில் ஹம்பிரி டேவி என்னும் விஞ்ஞானி, செம்போடு சிறிது நாகத்தை அல்லது இரும்பைச் சேர்த்துவிட்டால், அது தான் கரைந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். செம்பு காப்பாற்றப்பட்டது, ஆனால் கரையாத செம்பில் பாசியும் சிப்பியும் படிந்து கப்பல்களின் வேகம் குறைந்தது. கரைவதாலேயே செம்பு அவற்றை விரட்டிவந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. ஒரு கேட்டை நீக்கும் வழி இன்னொரு கேட்டுக்கு வாயில் திறக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

இனி நானாவின் வேலைக்கு வருவோம். முறிந்த அலுமினியத்தை உருக்கோடு ஒட்டிவிடலாகாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். அலுமினியம் 660 பாகை வெப்பத்திலேயே உருகும். இரும்புக்கு 1,500 பாகைக்கு மேல் வேண்டும். ஒன்று உருகி ஓடிய பின்னும் மற்றது கல்லாக நிற்கும். எப்படியோ சேர்த்துவிட்டாலும், இணைந்த இடத்தில் உண்டாகும் கலவை கண்ணாடிபோல் நொறுங்கும். பெருங்கப்பல் கட்டுவோர் வெடியின் விசையால் அலுமினியத்தையும் உருக்கையும் முன்கூட்டியே ஒன்றாக்கிய பாளங்களை வாங்கி இடையில் வைக்கிறார்கள். எத்தாளை மீனவனுக்கு அந்த வசதி எங்கே?

செம்பையும் இரும்பையும் பித்தளைக் கம்பியால் பற்றவைக்க நானாவுக்குத் தெரியும். வெண்காரத்தைத் தூவி, அழுக்கும் துருவும் விலகிய இடத்தில் பித்தளை தண்ணீர்போல் ஓடிப் பாயும் கணத்தை நெருப்பின் நிறத்தைக் கொண்டே அறிவார். இளமையில் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசாரியாரிடம் பழகிய வித்தை அது. 'பொடி வைத்து ஊதுதல்' என்னும் வழக்கு பற்றுப்பொடி வைத்து ஊதும் தட்டாரின் தொழிலிலிருந்து வந்தது என்று நான் வகுப்பிற் சொல்லியிருக்கிறேன். ஊதுவதை அன்றுதான் கண்ணாற் கண்டேன். ஆனால் பித்தளையைக் கடலுக்குத் தனியே அனுப்பக்கூடாது என்றார் அவர். பித்தளையிலுள்ள நாகத்தை உப்புநீர் சிறிது சிறிதாக உறிஞ்சிவிடும். உருவம் மாறாது, நிறம் மட்டும் சிவக்கும். ஒருநாள் ரஸ்கு பிஸ்கட்டைப் போல் உடையும்.

"ஒட்ட முடியாததை ஒட்டக்கூடாது, சேர். சேர்ந்திருக்கும்படி வைக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார்.

அலுமினியத்தில் இறுகிப்போன போல்ட்டுகளைக் கழற்றுவதற்கே அரைநாள் சென்றது. அலுமினியம் உருக்கைவிட அதிகமாக விரியும். ஆகவே சுற்றியுள்ள தாங்கியைச் சூடாக்கி, எண்ணெய் விட்டு, தட்டித் தட்டி அசைத்தார். செப்புத் தகட்டை எடுத்தெறிந்துவிட்டு அதேயளவில் அலுமினியத் தகடு ஒன்றை வெட்டினார். தோட்டத்தில் நீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் குழாயை அறுத்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் சட்டையாகப் போட்டார். பழைய பிளாஸ்டிக் கலனிலிருந்து வட்டங்கள் வெட்டி, போல்ட்டின் தலைக்கும் நட்டுக்கும் கீழே வைத்தார். 1763இல் பழுப்புக் காகிதம் செய்த வேலையை எங்கள் ஊர் வெங்காயத் தோட்டத்துக் குழாய் செய்தது. கடைசியாக, நீருக்குள் அமிழும் பக்கத்தில் சாம்பல் நிறக் கட்டி ஒன்றைப் பூட்டினார்.

"நாகக் கட்டி. இது கரையும். கரையத்தான் வைக்கிறோம். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். இதற்கு மட்டும் வர்ணம் பூசிவிடாதீர்கள். பூசினால் வேலை செய்யாது."

அவர் வர்ண டப்பாவைத் திறந்தபோது நான் அலுமினியத்தைச் சுட்டி, "இதற்குத்தானே?" என்றேன். அதுதானே கரைந்தது? அதற்குத்தானே காப்பு வேண்டும்? அவர் தலையசைத்தார். போல்ட்டின் உருக்குத் தலைகளுக்கே முதலிற் பூசினார். மெலிந்ததற்கு மட்டும் வர்ணம் பூசினால், அதில் ஒரு சிறு கீறல் விழுந்தவுடன் வலியதன் முழு விசையும் அந்த ஒரு புள்ளியிலே இறங்கித் துளைத்துவிடுமாம். வலியதை மூடிவிட்டால் அதன் பசியே குறைந்துவிடும். "மெலிந்ததைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வலியதைத்தான் மூட வேண்டும்" என்றார்.

சமூகத்தைப் பற்றி நானும் எத்தனையோ மேடைகளிற் பேசியிருக்கிறேன். ஏழையின்மேல் இரக்கமென்னும் வர்ணத்தைப் பூசுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதென எண்ணுவோரைக் கண்டித்தும் இருக்கிறேன். ஆனால் இத்தனை சுருக்கமாக என்னாற் சொல்ல முடிந்ததில்லை.

அப்போதுதான் அந்தப் பையன் பேசினான். நானாவைப் பார்த்துக் கேட்டான், என்னையல்ல.

"பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் உலோகங்களின் வரிசை இருக்கிறது. அதில் அலுமினியந்தான் முதலில் வரும். நாகம் அதற்குப் பிறகு. அப்படியென்றால் அலுமினியந்தானே முதலிற் கரைய வேண்டும்? நாகம் எப்படி அதைக் காப்பாற்றும்?"

நானா கையிலிருந்த தூரிகையை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாது தம்பி. காப்பாற்றும் என்று மட்டும் தெரியும்." நான் அவனிடம், "செம்பு எங்கே வரும்?" என்றேன். "கடைசிப் பக்கம், சேர். அலுமினியத்துக்கு வெகுதூரம் பின்னால்." சிறிது நேரம் மௌனமாயிருந்தேன். "அப்படியானால், அன்றே உனக்குத் தெரியுமா?" அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சரியாகத் தெரியாது, சேர். பிழைபோலத் தெரிந்தது. நீங்கள் சொல்லும்போது நான் எப்படிச் சொல்வது?"

அவன் பாடசாலையை விட்டுப் போனான்; ஆனால் பாடம் அவனை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்வதற்கான துணிவை மட்டும் நாங்கள் கற்பிக்க மறந்திருந்தோம். அந்த மறதிக்காக அவன் ஓர் இரவு கடலில் மிதந்தான்.

அவனது கேள்வியை எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் விளக்கினார்: அலுமினியம் காற்றுப் பட்ட கணமே தன்மேல் ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் போர்வையைப் போர்த்துக்கொள்கிறது. அந்தப் போர்வையோடு கடல்நீரில் நிற்கும்போது அது நாகத்துக்குப் பின்னே ஒதுங்கிவிடும். ஆகவே புத்தகத்து வரிசை வேறு. கடலின் வரிசை வேறு. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒருங்கே அறிந்தவனுக்கே படகைக் காக்க முடியும். நானாவிடம் ஒரு வரிசை இருந்தது. பையனிடம் மற்றது இருந்தது. என்னிடம் எதுவுமில்லை, ஆனால் பேசியவன் நான்.

நானாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவ்வாறு வடக்கை விட்டு வந்த 70,000க்கு மேற்பட்டோரில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தனர். நானாவும் அவர்களுள் ஒருவர். கைவித்தையைத் தவிர வேறெதையும் எடுத்துவர இயலவில்லை. அந்த வித்தையைத் தந்த ஆசாரியாரின் பெயரை இன்றும் மரியாதையோடு சொல்கிறார். அவர் இங்கு வந்த ஆண்டுகளிலே, வந்தவருக்கும் ஊரவருக்கும் இடையே நிலத்துக்கும் தொழிலுக்கும் பாடசாலை இடத்துக்கும் பூசல்கள் எழாமலில்லை. எல்லோருக்கும் போதாத ஒன்றை ஏழைகள் இரு சாராரும் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்ததன் விளைவு அது.

வேலை முடிந்து கை கழுவும்போது அவர் சொன்னார்: "இரண்டு உலோகமும் ஒன்றுக்கொன்று பகையில்லை, சேர். காய்ந்த இடத்தில் நூறு வருசம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். நடுவில் உப்புத் தண்ணீர் வந்தால்தான் ஒன்று மற்றதைத் தின்னும்." அவர் உலோகத்தைப் பற்றித்தான் சொன்னார். உப்புநீரை ஊற்றியது யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அவருக்கு ஓர் இருமல் உண்டு. நாகம் பூசிய குழாய்களை ஒட்டும்போது அந்த நாகம் ஆவியாகி வெண்புகையாய் எழும். அதைச் சுவாசித்த இரவில் குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் போய்விடும் என்பது பட்டறைகளின் நம்பிக்கை. அது வெறும் நம்பிக்கையே. முகமூடியும் காற்றோட்டமும் வேண்டும். அவரிடம் இருப்பது ஒரு பழைய கறுப்புக் கண்ணாடி மட்டுமே. பிறருடைய படகுகளின் உலோகத்தைக் காக்கும் வழியறிந்தவர் தமது நெஞ்சைக் காக்கும் வழியின்றி இருக்கிறார்.

அன்று முதல் 'தியாகம்' என்னும் சொல்லைக் கூட்டங்களில் உச்சரிக்க எனக்குக் கூச்சமாயிருக்கிறது. நாகம் தியாகம் செய்வதில்லை. அதை அங்கே பூட்டுகிறார்கள். குடும்பம் கரையாதிருக்கப் பரீட்சையை விட்டுவந்த பையனும் தானாக விரும்பிக் கரையவில்லை. 340 ரூபா மண்ணெண்ணெய் அவனை அந்த இடத்திற் பூட்டியது. அதைப் பார்த்து, 'பொறுப்புள்ள பிள்ளை' என்று நற்சான்று எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். ஒரு படகிலே கட்டி கரைந்துவிட்டதா என்று பருவந்தோறும் குனிந்து பார்க்கிறார்கள். ஒரு பாடசாலையிலே யார் கரைந்து போகிறார்கள் என்று நாம் எத்தனை தடவை குனிந்து பார்க்கிறோம்?

மூன்றாம் தடவையாக அவனுடைய வீட்டுக்குப் போனேன். இம்முறை அறிவுரை சொல்லப் போகவில்லை. மாலை நேரங்களில் என்னோடு வந்து படிக்க முடியுமா என்று கேட்கப் போனேன். கடலுக்குப் போகாத நாட்களில் வருகிறான். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறான். தமிழை நான் சொல்லிக் கொடுக்கிறேன். உலோகங்களைப் பற்றி அவன் எனக்குச் சொல்லித் தருகிறான். நான் பிழையாகச் சொன்னால் இப்போது குனிவதில்லை. "இல்லை, சேர்" என்கிறான்.

சென்ற வாரம் மாமாவின் படகைக் கரையேற்றினார்கள். நாகக் கட்டி பாதியாகத் தேய்ந்திருந்தது. தாங்கியில் ஒரு வெண்புள்ளிகூட இல்லை. பையன் பழைய கட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினான். நான் சாவியைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.